பீய்ச்சிக் கொடுப்பதும் தாய்ப்பால்தான்: பம்ப்பை மட்டுமே நம்பும் புது அம்மாக்களுக்கு

எங்கள் வீட்டு தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் ஒரு கட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூலை வரைக்கும். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும், எத்தனை மணிக்கு எவ்வளவு பால் எடுத்தேன் என்று பேனாவால் எழுதியிருக்கும்: 5.15 – 8 மில்லி. 7.40 – 10. 10.00 – 6. இரவு 2.10 – 14. முதல் வாரத் தாள்களில் இவ்வளவுதான். ஆறாவது வாரத் தாளைக் கூட்டிப் பார்த்தால் 720 மில்லி வருகிறது.

அந்த ஆறு வாரத்தில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதவர்கள் இல்லை. எத்தனை தடவை எடுத்தாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. விஷயம் அதில்தான் இருக்கிறது.

என் மகன் 33 வாரத்தில் பிறந்தான். உறிஞ்சிக் குடிக்க அவனுக்குத் தெம்பில்லை. அவன் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், நான் மன்னார்குடியில் அம்மா வீட்டில். உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். குழந்தைக்கு அண்ணப்பிளவு இருக்கலாம், காம்பு உள்வாங்கியிருக்கலாம், வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம், எவ்வளவு முயன்றும் குழந்தை மார்பைப் பிடிக்காமல் போயிருக்கலாம். கடைசிக் காரணம் என்றால், விவரம் தெரிந்த ஒரு செவிலியரையோ மருத்துவரையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை பால் கொடுத்துப் பாருங்கள். பிடிமானத்தைக் கொஞ்சம் மாற்றினாலே சரியாகிவிடுகிற குழந்தைகள் நிறைய. அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். பம்ப்பில் எடுத்துக் கொடுப்பதும் பால் கொடுப்பதுதான்.

இறைத்த கிணறு ஊறும் என்று நம் ஊரில் சொல்வார்களே, மார்பும் அப்படித்தான். பால் தேங்கி நின்றால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அடிக்கடி காலியானால் வேகமாகச் சுரக்கும். குழந்தை செய்ய வேண்டிய இந்த வேலையை இப்போது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யப் போகிறீர்கள்.

முதல் மூன்று நாள் கையால்தான்

பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க முடிந்தால் மிக நல்லது. சிசேரியன், மயக்கம் என்று தள்ளிப்போனாலும் 6 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். முதலில் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாக வரும். மெஷினில் வைத்தால் அது புனலிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். அதனால் கையால் எடுப்பதே மேல்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். மார்பை மெதுவாக நீவிவிடுங்கள். காம்பிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் தள்ளி மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, அப்படியே இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விடுங்கள். காம்பை இழுக்கவோ தோலைத் தேய்க்கவோ வேண்டாம். நாலைந்து அமுக்கலுக்கு ஒன்றும் வராது. அப்புறம் பாசிமணி மாதிரி ஒரு சொட்டு தெரியும். அதை ஊசியில்லாத 2 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி வையுங்கள். விரலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி.

முதல் நாள் ஒரு தடவைக்கு 1 மில்லியோ 5 மில்லியோதான் கிடைக்கும். அன்றைக்குக் குழந்தை ஒருவேளைக்குக் குடிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எனக்கு இரண்டாம் நாள் 3 மில்லி வந்ததைப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, பாலே இல்லையே, பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார் அங்கே வேலை பார்த்த ஒருவர். அன்று முழுக்க அழுதேன். நான்காம் நாள் விடியற்காலையில் இரண்டு மார்பும் கல் மாதிரி கனத்து, நைட்டி நனைந்திருந்தது. பெரும்பாலானவர்களுக்குப் பால் அப்படித்தான், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இறங்குகிறது. அதுவரை சொட்டுகளை எண்ணி மனசு விட்டுவிடாதீர்கள்.

மெஷின் வாங்கும்போது

பம்ப்பை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார பம்ப் வேண்டும். நேரம் பாதியாகும், பாலும் கூடும். சட்டைக்குள் வைத்துக்கொள்ளும் சின்ன வகைகள் வசதிதான், ஆனால் முதல் இரண்டு மாதத்துக்கு அவற்றை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கூடவே கையால் அமுக்கும் பம்ப் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள். டெல்டாவில் இருப்பவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதைவிட முக்கியமானது புனலின் அளவு. பெட்டியில் ஃபிளாஞ்ச் என்று போட்டிருக்கும். கடையில் வருவது பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர். நிறையப் பேருக்கு அது பெரிது. பால் எடுப்பதற்கு முன் காம்பின் குறுக்களவை ஒரு ஸ்கேலால் அளந்து, அதோடு 1 முதல் 3 மில்லிமீட்டர் கூட்டுங்கள். காம்பு மட்டும் புனல் குழாய்க்குள் தடையில்லாமல் போய் வர வேண்டும். சுற்றியுள்ள கருவளையமும் சேர்ந்து உள்ளே போனால் பெரிது. காம்பு உரசி வெளுத்துப்போனால் சிறிது. எனக்கு 24 ஒத்துவராமல் மூன்று வாரம் புண்ணோடு கிடந்தேன். 19-க்கு மாற்றிய அன்றே வலி பாதியாகிவிட்டது.

அடுத்தவர் உபயோகித்த பம்ப்பை வாங்காமல் இருப்பது நல்லது. பால் மோட்டாருக்குள் போகும் வாய்ப்புள்ள வகையாக இருந்தால் வாங்கவே கூடாது. வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருக்கும், அது தொளதொளத்துவிட்டால் இழுவை குறைந்துவிடும். திடீரென்று பால் குறைந்தால் உங்களைக் குறை சொல்லிக்கொள்வதற்கு முன் வால்வை மாற்றிப் பாருங்கள்.

ஒரு தடவை எடுப்பது

உட்காரும் இடத்தில் தண்ணீர்ச் சொம்பு, துண்டு, போன், கொறிக்க ஏதாவது. முதுகுக்குத் தலையணை. முதலில் வேகமாக, மெல்லிய இழுவையில் இரண்டு நிமிடம் ஓடட்டும். மார்பில் சுருக்கென்று ஒரு குறுகுறுப்பு வந்து பால் கம்பியாக இறங்கும். உடனே மெதுவான, ஆழமான இழுவைக்கு மாற்றுங்கள். இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்று நினைக்க வேண்டாம். வலித்தால் பால் இறங்காது. வலி தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழேதான் உங்கள் அளவு.

பம்ப் ஓடும்போதே கையால் மார்பை அங்கங்கே அமுக்கிக் கொடுங்கள். இரண்டு கையும் வேண்டும் என்பதால், பழைய இறுக்கமான பாடி ஒன்றில் காம்புக்கு நேராகச் சின்னதாக வெட்டிப் புனலை அதில் செருகிக்கொண்டேன். 15 முதல் 20 நிமிடம். சொட்டுவது நின்ற பிறகும் இரண்டு நிமிடம் ஓடட்டும், சில சமயம் இரண்டாவது முறையும் பால் இறங்கும்.

குழந்தை பக்கத்தில் இல்லையா? அதன் துணியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் போர்த்தியிருந்த வெள்ளைத் துண்டை என் அம்மா தினமும் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவருவார். அதை முகர்ந்தால் போதும், பால் இறங்கிவிடும்.

நாள் கணக்கு

24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை. குழந்தை பசித்து அழும் நேரத்தோடு இது ஒத்துப்போக வேண்டியதில்லை. என் கணக்கு இப்படி இருந்தது: விடியற்காலை 5, காலை 7.30, 10, பகல் 12.30, 3, மாலை 5.30, இரவு 8, 10.30, நடு இரவு 2. ஒன்று தவறினால் அடுத்ததைச் சீக்கிரம் வைத்துக்கொள்ளலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. நடு இரவு எழுவதைத்தான் எல்லோரும் முதலில் விடப் பார்க்கிறார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் அந்த நேரத்தில்தான் உடம்பில் அதிகம். முதல் இரண்டு மூன்று மாதம் அதை விடாதீர்கள். அலாரம் அடித்ததும் என் கணவர் எழுந்து புனலை மாட்டிக் கையில் கொடுப்பார், முடிந்ததும் பாலை ஃபிரிட்ஜில் வைத்துப் பாத்திரத்தைக் கழுவுவார். நான் பாதித் தூக்கத்திலேயே மறுபடி படுத்துவிடுவேன். கணவரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாம் வாரக் கடைசியில் நாளுக்கு 500 மில்லியைத் தாண்டினால் சரியான வழியில் போகிறீர்கள். 700, 750 வந்துவிட்டால் நிம்மதி. குறைவாக இருந்தால் சில நாள் இப்படிச் செய்து பாருங்கள்: ஒரு மணி நேரம் ஒதுக்கி 20 நிமிடம் எடுத்து 10 நிமிடம் ஓய்வு, மறுபடி 10 எடுத்து 10 ஓய்வு, கடைசியாக 10. நாளுக்கு ஒரு தடவை போதும். அதற்கும் அசையவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துத் தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். பால் கூட மாத்திரை வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு, எதில் கொடுப்பது

முதல் மாதம் முடிந்ததிலிருந்து ஆறாம் மாதம் வரை குழந்தை குடிக்கும் தாய்ப்பால் பெரிதாகக் கூடுவதில்லை. சராசரி நாளுக்கு 750 மில்லி. சில குழந்தைகள் 500, சில 1000. பவுடர் டப்பாவில் போட்டிருக்கும் மாதவாரி அட்டவணையைப் பார்த்து நம் பால் போதவில்லை என்று பயப்படாதீர்கள். நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர், சீராக ஏறும் எடை, இந்த இரண்டையும் பாருங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வரும்போது தவறாமல் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாட்டில்தான் வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் பாலாடை இருக்கிறதே, கழுவவும் கொதிக்க வைக்கவும் அதைவிட எளிதான சாமான் கிடையாது. பச்சிளங்குழந்தைப் பிரிவிலேயே அதில்தான் கொடுக்கிறார்கள். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டில் தொட வையுங்கள். குழந்தை நாக்கை நீட்டி இழுக்கும். நீங்கள் ஊற்றக் கூடாது. பாட்டில் என்றால் மெதுவாக வரும் காம்பைப் போட்டு, பாட்டிலைப் படுக்கைவாட்டில் பிடித்து, இடையிடையே நிறுத்திக் கொடுங்கள்.

ஆறு மாதம் வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தெருவில் கழுதையை ஓட்டி வந்து கழுதைப்பால் விற்பார்கள், "ஒரே ஒரு சங்கு கொடும்மா" என்று பெரியவர்கள் ஆசையாகச் சொல்வார்கள். பச்சைப் பால் அது, கிருமி இருக்கும். உறுதியாக மறுத்துவிடுங்கள்.

வெயில், ஃபிரிட்ஜ், கரண்ட்

எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். மன்னார்குடியிலோ திருவாரூரிலோ சித்திரை மாதக் கூடத்தில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? நான் வைத்துக்கொண்ட விதி இது: எடுத்ததை உடனே கொடு, இல்லையென்றால் உடனே ஃபிரிட்ஜில் வை. வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க விட்டதில்லை.

4 டிகிரி ஃபிரிட்ஜில் 4 நாள். ஃபிரீசரில் ஆறு மாதம் நல்ல நிலையில் இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறந்து திறந்து சூடேறும். நடுத்தட்டின் பின்பக்கம், மூடியுள்ள ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் வையுங்கள். இட்லி மாவும் மீனும் இருக்கும் ஃபிரிட்ஜ்தானே நம்முடையது. ஒவ்வொன்றிலும் தேதியும் மணியும் எழுதி, பழையதை முதலில் எடுங்கள். ஃபிரீசரில் 60, 90 மில்லியாகப் பிரித்து, கொஞ்சம் இடம் விட்டு, பையைத் தட்டையாகப் படுக்க வைத்து உறைய வையுங்கள். சீக்கிரம் உருகும், வீணாவதும் குறையும்.

ஃபிரிட்ஜில் வைத்த பாலில் ஆடை தனியாக மேலே நிற்கும். கெடவில்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சூடாக்க, வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை வைத்தால் போதும். அடுப்பில் நேரடியாகவும் மைக்ரோவேவிலும் வேண்டாம். முழுதும் உருகிய பாலை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்துப் பாதி குடித்தது 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. சிலருடைய பால் உறைந்து உருகியதும் சோப்பு வாடை அடிக்கும். கெட்டுப்போனதல்ல, பாலில் உள்ள லிபேஸ் என்ற நொதியின் வேலை. குழந்தை மறுத்தால்தான் சிக்கல். அதனால் மொத்தமாகச் சேர்ப்பதற்கு முன் ஒரு பை மட்டும் வைத்து, நாலு நாள் கழித்துக் கொடுத்துப் பாருங்கள்.

இனி கரண்ட். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது என் ஃபிரீசரில் 40 பை பால் இருந்தது. மகன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். விடிந்தபோது தெருவில் ஒரு போஸ்ட் மரம்கூட நேராக நிற்கவில்லை. ஃபிரீசர் நிறைந்திருந்து, திறக்காமலும் வைத்தால் உள்ளே இருப்பது இரண்டு நாள் வரை தாங்கும், கீழே ஃபிரிட்ஜில் இருப்பது 4 மணி நேரம்தான். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பதறிப்போய் அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்தே பாதியைக் கெடுத்தேன். எங்கள் தெருவுக்கு 18 நாள் கழித்துத்தான் கரண்ட் வந்தது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற லோடு வண்டியில் ஜெனரேட்டர் வாடகைக்கு வரும். அது எங்கள் வாசலில் நிற்கும் அரை மணி நேரத்தில் போன்களுக்குப் பக்கத்தில் என் பம்ப்பையும் சார்ஜ் போட்டு வாங்கினேன். மற்ற வேளையெல்லாம் கை பம்ப்பும் விரலும்தான். அந்த 18 நாளும் மகனுக்கு ஒருவேளைகூடப் பவுடர் கொடுக்கவில்லை.

அதனால் டெல்டாவில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கையால் எடுக்கும் பழக்கத்தை விடாமல் வைத்திருங்கள். புயல் அறிவிப்பு வந்ததும் பம்ப்பை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ஃபிரீசரில் காலி இடத்தைத் தண்ணீர்ப் பாட்டில்களால் நிரப்பி உறைய வையுங்கள். கரண்ட் போனால் திறக்காதீர்கள். திறக்கும்போது பைக்குள் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் அந்தப் பாலைத் திரும்ப உறைய வைக்கலாம்.

கழுவுதல்

ஒவ்வொரு தடவையும் பாத்திரச் சோப்பால், இதற்கென்றே தனியாக வைத்த பேசினில் கழுவி, உலர விடுங்கள். தொட்டிமுற்றத்தில் போட்டுக் கழுவ வேண்டாம். நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள். குழந்தை இரண்டு மாதத்துக்குள் இருந்தாலோ குறைமாதமாக இருந்தாலோ இதில் சலுகை இல்லை. இரண்டு செட் வாங்கினால் உயிர் பிழைக்கலாம். நாகப்பட்டினத்தில் மாமியார் வீட்டுக்குப் போனபோது உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து வால்வு முழுக்க வெள்ளை படிந்துவிட்டது. கடலோர ஊர்க்காரர்கள் கேன் தண்ணீரில் கொதிக்க வையுங்கள்.

பால் கட்டிக்கொண்டால்

ஒரு இடம் கட்டியாகி, தொட்டால் வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்க்கச் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள், வீக்கம் இன்னும் கூடியது. இப்போது மருத்துவர்கள் சொல்வது நேர்மாறு. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிமுறையும் இதைத்தான் சொல்கிறது: எடுத்து முடித்ததும் குளிர் ஒத்தடம், மிக மென்மையான தடவல், வழக்கமான எண்ணிக்கையிலேயே பால் எடுப்பது. கட்டியைக் கரைக்கிறேன் என்று கூடுதலாக எடுத்தால் சுரப்பு ஏறி வீக்கம் அதிகமாகும். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாம்.

சாப்பாடு, பேச்சு, பயணம்

மாமியார் நாகையிலிருந்து பால்சுறா வாங்கி அனுப்புவார், அம்மா பூண்டை உரித்து உரித்துக் குழம்பு வைப்பார். எல்லாவற்றையும் ஆசையாகச் சாப்பிட்டேன், நீங்களும் சாப்பிடுங்கள். பால் கொடுக்கும் உடம்புக்கு நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும். ஆனால் சுறாப்புட்டு தின்றுவிட்டு இரவு 2 மணியைத் தூங்கிக் கழித்தால் பால் வராது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள்.

தேவைக்கு மேல் பால் வந்தால், தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்குப் போகும். போகும் முன் மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நேராகக் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

வெளியூர் போனால் ஐஸ் பேக் வைத்த பையில் பால் ஒரு நாள் தாங்கும். பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளை அரசு 2015-ல் திறந்தது, பம்ப் செய்யவும் அங்கே உட்காரலாம். பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள், கூச்சம் வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு: 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரத்தோடு நாளுக்கு இரண்டு இடைவேளை கூடுதலாகத் தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டத்திலிருந்தே விதி இருக்கிறது. அந்த நேரத்தைப் பம்ப்புக்குக் கேட்டு வாங்குங்கள்.

குறைப்பதும் நிறுத்துவதும்

மூன்று மாதம் கழித்துச் சுரப்பு நிலைத்துவிடும். பிறகு ஒவ்வொரு வேளையாகக் குறைக்கலாம், ஒன்றை விட்டால் நாலைந்து நாள் பார்த்துவிட்டு அடுத்தது. 9 தடவை எனக்கு 6 ஆகி, திட உணவு தொடங்கிய பின் 4 ஆனது. நிறுத்தும்போதும் இதே வேகம்தான். சட்டென்று நிறுத்தினால் பால் கட்டும். கனமாக இருந்தால் இறுக்கம் தீரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடுங்கள், முழுதும் காலி செய்ய வேண்டாம்.

பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வெறும் நம்பிக்கை இல்லை, 1988-ல் வேலூர் மருத்துவர்கள் இதைச் சோதித்து, பால் சுரப்பு குறைவதாக எழுதியிருக்கிறார்கள். அதனாலேயே ஒரு எச்சரிக்கை: பால் வேண்டும் என்று இருக்கும் மாதங்களில், பால் கட்டிவிட்டது என்று யாராவது பூவோடு வந்தால் வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளுங்கள், மார்பில் வேண்டாம். ஜூலையில் என் கடைசி வேளையை விட்டபோது அம்மா இரண்டு முழம் வாங்கி வந்தார். மூன்று நாள் கட்டினேன். அதற்கப்புறமும் சில வாரம் குளிக்கும்போது ஒன்றிரண்டு சொட்டு வந்தது. அது எல்லோருக்கும் வருவதுதான்.